பென்சில் துரையின் கட்டு

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய ஆவணங்களையெல்லாம் இப்போது ஸ்கேன் செய்கிறார்கள். அந்த வேலையில் இருக்கும் கவிதா போன வாரம் போன் செய்தார்.

"சார், பென்சில் துரை கட்டு இருக்குல்ல, அதுல ஓரத்துல எழுதிருக்கறது ஒண்ணும் மெஷின்ல விழ மாட்டேங்குது. வெள்ளையா காட்டுது. யாரு சார் அவரு? நீங்கதான் அந்தக் கட்டத் தூக்கிகிட்டு கோர்ட்டுக்குப் போனீங்களாமே. ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, கட்டோட சேத்து வெச்சுடறேன்."

முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவனிடம் இரண்டு பக்கம் எழுதச் சொல்வது விவரம் தெரியாதவர்கள் செய்கிற காரியம். எங்களுக்கு முன்னுரைக்கே இரண்டு பக்கம் ஆகும். என்றாலும் அந்தப் பெண் கேட்ட விதம் பிடித்திருந்தது. அலுவலகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கடலூரில் இருக்கிறது, வருவாய்த் துறை, அவ்வளவு போதும். துரையின் பெயரையும் எழுதவில்லை. அவருக்குக் கொள்ளுப்பேரன் பேத்திகள் எங்கேயாவது இருப்பார்கள். அவர்களுக்கு எதற்கு வம்பு.

முதலில் என்னைப் பற்றி. ஊர் சிதம்பரம். அப்பாவின் வேலை கருணை அடிப்படையில் எனக்கு வந்தது. பயிற்சி என்று ஆறு மாதம் தாலுக்கா ஆபீசில் பேனாவுக்கு மை ஊற்றினேன், பிறகு கடலூருக்கு மாற்றினார்கள், தினம் பாசஞ்சர் ரயிலில் வந்து முதுநகரில் இறங்கி பஸ் பிடிப்பேன். ரிக்கார்டு ரூமில் போட்டபோது எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். மேல் வரும்படி இல்லாத இடம், தூசி ஜாஸ்தி. எனக்கு அது பிடித்துப் போனது. அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள், காகிதம் எதிர்த்துப் பேசாது.

எங்கள் வேலை இரண்டு. கேட்ட காகிதத்தை எடுத்துக் கொடுப்பது ஒன்று. வேண்டாத காகிதத்தைக் கழிப்பது இன்னொன்று. ஒரு கோப்பு முடிந்ததும் அதன் ஆயுளை மேலேயே எழுதிவிடுவார்கள். ஒரு வருடம், மூன்று வருடம், பத்து வருடம், இல்லையென்றால் என்றைக்கும். என்றைக்கும் வைக்க வேண்டிய கோப்பிலும் ஒரே காகிதம் இரண்டு இருந்தால் ஒன்றை உருவிவிடுவோம். இடம் வேண்டுமே. அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். ஒரு முழம் உயரமுள்ள கட்டை என்னிடம் கொடுத்தால் முக்கால் முழமாக்கித் திருப்பித் தருவேன். அதில் எனக்குக் கர்வமும் இருந்தது. அந்தக் கர்வம் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

துரைக்கு வருகிறேன். இருபது சொச்சம் வயதில் கப்பல் ஏறி வந்தவர். தமிழ்ப் பரீட்சையில் முதல் தடவை தோற்றுப்போய், இரண்டாம் தடவை தேறியிருக்கிறார். அந்தத் தாளும் கட்டில் இருக்கிறது. கடலூர், சிதம்பரம் பக்கம் உதவி அதிகாரியாக இருந்து, வெளி ஜில்லாக்களைச் சுற்றி, கடைசியில் கடலூருக்கே கலெக்டராக வந்தார். அப்புறம் லீவு போட்டு ஊருக்குப் போனார். அங்கிருந்தே ராஜினாமா எழுதி அனுப்பினார். தேர்தலில் நின்று ஜெயித்து அவர்கள் ஊர்ப் பார்லிமெண்டில் போய் உட்கார்ந்தார். ஒரு மனிதனின் முழு உத்தியோகமும் ஒரு கட்டில் அடங்கிவிடுகிறது, அதற்கு மேல் ஒரு நாடா முடிச்சு.

அவருக்கு ஒரு பழக்கம். உத்தரவை மையில் எழுதுவார், மனசில் இருப்பதை ஓரத்தில் பென்சிலில் எழுதுவார். மையில் எழுதியது சர்க்காருக்கு, பென்சிலில் எழுதியது தனக்கு என்று நினைக்கிறேன். வேறு கோப்புகளில் அந்தப் பென்சிலை நான் முன்பே பார்த்திருந்தேன். சிதம்பரத்தில் அண்ணன் தம்பிகளான இரண்டு பெரிய மனிதர்களுக்குள் ஒரு வாய்க்கால் தகராறு. மையில் மூன்று பக்கம் தீர்ப்பு. பென்சிலில் ஒரே வரி: "இருவரும் பொய் சொல்கிறார்கள், அண்ணன்காரர் இன்னும் நன்றாகச் சொல்கிறார்." நான் படித்துச் சிரித்தேன். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் வரி பாக்கிக்காக உழவு மாடுகளை ஏலம் போட்ட உத்தரவும் அவருடையதுதான். அங்கே ஓரத்தில், "மழை இல்லை என்பது உண்மை" என்று பென்சில். உண்மை என்று தெரிந்தும் மையில் ஏலம்தான். அதைப் படித்த அன்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்க அவரும் இல்லை, மாட்டுக்காரர்களும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று நான்கு வருடம் முன்பு எங்களுக்கு மேலாளராக மெஹருன்னிசா மேடம் வந்தார்கள். பழைய பழக்கத்தில் அந்த நாற்காலியை எல்லோரும் சிரஸ்தார் என்றுதான் சொல்வோம். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். வீட்டுக்காரர் சவூதியில். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வருவார்கள், குடையை ஜன்னலில் மாட்டுவார்கள், மேஜையில் இருக்கும் கோப்புகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பார்கள். யாருமே அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கேட்டேவிட்டேன்.

"முன்னாடியிருந்து படிச்சா எழுதுனவன் நம்மள இழுத்துகிட்டுப் போயிடுவான் நடேசன். பின்னாடியிருந்து வந்தா நாம அவன இழுக்கலாம்" என்றார்கள்.

கோபித்துக்கொள்ளவே மாட்டார்கள். தப்பு செய்தவன் முன்னால் கோப்பைத் திறந்து வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டுவார்கள். "சாப்டுகிட்டே படிங்க, எங்க இடிக்குதுன்னு உங்களுக்கே தெரியும்." அந்தப் பழம் தொண்டையில் இறங்காது. மேடத்தின் பேரீச்சம்பழம் என்றால் ஆபீஸ் முழுக்க நடுங்கும். இப்போதும் ரம்ஜான் மாதம் கடைத்தெருவில் பேரீச்சையைப் பார்த்தால் என்ன தப்பு செய்தோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன்.

அஞ்சலை வந்தது ஒரு புதன்கிழமை. நெத்திலிக் கருவாட்டு வாடை முதலில் வந்தது, பிறகு அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முதுநகருக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு குப்பம். ஊருக்கும் அலைக்கும் நடுவே இருக்கும் மணல்மேட்டில்தான் அந்தக் குப்பத்துப் பெண்கள் அறுபது பேர் கருவாடு காயவைக்கிறார்கள், ஆண்கள் வலை உலர்த்துகிறார்கள். அது புறம்போக்கு நிலம் என்று சொல்லி, ஒரு துறை அங்கே கிடங்கு கட்டக் கேட்டிருந்தது. காலி செய்யச் சொல்லி உத்தரவு போய்விட்டது. ஊரார் கோர்ட்டுக்குப் போனார்கள்.

"தொரை காலத்துல எங்களுக்குன்னு எழுதிக் குடுத்தது சார் அந்த மணலு. காயிதம் எங்க மாமியா பொட்டியில இருந்துச்சு. சுனாமில பொட்டியும் பூடுச்சு, மாமியாளும் பூட்டாங்க. ஆபீசுல ஒரு காப்பி இருக்கும்னு வக்கீலு சொல்றாரு. பதினஞ்சு நாள்ல குடுக்கலன்னா அவுங்க பக்கம் ஆயிடும்னு சொல்றாரு."

"எந்தத் துரை? எந்த வருஷம்?"

"அதெல்லாம் தெரியாது சார். நெட்டையா இருப்பாராம்."

நெட்டைத் துரை என்று ஒரு பதிவேடும் எங்களிடம் இல்லை. மனுவை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போகவில்லை, வாசற்படியில் நின்றார்.

"மணலு போனா நாங்க கருவாட்ட எங்க சார் காயவெப்போம்? தார்ரோட்டுலயா? மீனு வாங்கித் தெருத்தெருவா விக்கற வயசு எங்களுக்குப் பூடுச்சு. எங்க ஊட்டுக்காரரு இல்ல. எனக்கு அந்த மணலுதான் எல்லாம்."

அதை அழாமல் சொன்னார். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

குப்பத்தின் பெயர் போட்ட பதிவேட்டில் தேடினேன், இல்லை. கடற்கரை நிலங்கள் என்ற தலைப்பில் தேடினேன், இல்லை. உப்பு, மீன், துறைமுகம், எதிலும் இல்லை. நான்கு நாள் போய்விட்டது. ஐந்தாம் நாள் மேடத்திடம் போய், இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றேன்.

"அந்தக் காலத்துத் தொரைங்க ஆபீசுலயா உக்காந்துருந்தாங்க? குதிரைல சுத்திகிட்டுல்ல இருந்தாங்க. மனு குடுக்கறவங்க கூடாரம் எங்க இருக்குதோ அங்க போயிருப்பாங்க. முகாம் பேருல பாருங்க."

மறுநாள் மத்தியானம் கிடைத்தது. மேல்பட்டாம்பாக்கம் முகாம் என்று எழுதிய கட்டு. மேடம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எங்க ஊருலயா இருக்குது! நான் தெனமும் அங்கேருந்துதானே வர்றேன்!" கடலோரத்துப் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அரை நாள் நடந்து அங்கே போயிருக்கிறார்கள். துரை மையில் எழுதியிருக்கிறார், கருவாடும் வலையும் உலர்த்தும் காலமெல்லாம் அந்த மணல் அவர்களுக்கே விடப்படுகிறது என்று. ஓரத்தில் பென்சில்: "கூடாரத்தில் நாற்றம் மூன்று நாளைக்கு இருக்கும். கேட்பது நியாயம்." எழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது நம் பென்சில் துரைதான் என்று. அவருடைய மற்றக் காகிதங்களும் அதே கட்டில் இருந்தன, அதற்குப் பிறகுதான் அதற்குப் பென்சில் துரை கட்டு என்று பெயர் வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் கழிக்கிற ஆள் அல்லவா? மீதிக் கட்டையும் புரட்டிச் சரிசெய்துவிட்டுக் கொண்டுபோகலாம் என்று உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து தாள் தள்ளி இன்னொரு உத்தரவு. அதே துரை, அதே மை, கையெழுத்து மட்டும் வயதானவருடையது. உப்பு இலாகா அந்த மணலைக் கேட்கிறது, மேலிடம் மூன்று முறை எழுதிவிட்டது, ஆகவே முன்பு கொடுத்த உரிமை ரத்து செய்யப்படுகிறது. அதன்பின் தமிழில் எழுதிய ஒரு நோட்டீஸ், நாற்பத்தொன்றாம் தாள். குப்பத்தார் மணலை விட்டு விலக வேண்டும் என்று.

கொடுத்த கையே எடுத்துவிட்டதே. அடுத்த தாளைத் திருப்பினேன். நாற்பத்திரண்டு. அதே நோட்டீஸ், எழுத்துக்கு எழுத்து அதே. மனசு எங்கேயோ இருந்தது, கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. நூலைத் தளர்த்தி நாற்பத்திரண்டை உருவிப் பக்கத்திலிருந்த கழிவு மூட்டையில் போட்டேன். ஆள் வந்து மூட்டையைத் தைத்துக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டுவிட்டான்.

மேடத்திடம் போய் இரண்டு உத்தரவையும் சொன்னேன். சொல்லிவிட்டு, இப்போது நினைத்தாலும் கூசுகிற ஒரு யோசனையையும் சொன்னேன்.

"மேடம், அந்தம்மா மனுவுல முதல் உத்தரவுக்குத்தான் நகல் கேட்டுருக்கு. கேட்டதத்தான் குடுக்கணும்னு விதி இருக்கு. அத மட்டும் குடுத்துடலாம். ரத்து பண்ணது நமக்கு எதுக்கு?"

மேடம் கட்டை வாங்கி மேஜையில் வைத்தார்கள். "நல்ல மனசுதான் உங்களுக்கு. நாளைக்கி அந்தப் பக்கத்து வக்கீலு இதே கட்டக் கேட்டு வாங்கி, ரெண்டாவத எடுத்து நீட்டுனா, அறுவது பொம்பளைங்களும் கோர்ட்டு வாசல்ல நிப்பாங்களே, அவுங்க மூஞ்சிய நீங்க பாப்பீங்களா, நான் பாக்கவா?"

மேடம் கட்டைத் திறந்தார்கள். வழக்கம்போல் கடைசியிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"நாப்பத்தி மூணு இருக்குது, நாப்பத்தி ஒண்ணு இருக்குது. நாப்பத்தி ரெண்டு எங்க?"

"அது டூப்ளிகேட் மேடம். கழிச்சுட்டேன்."

"எதுக்கு டூப்ளிகேட்?"

"இந்த நோட்டீஸுக்குத்தான்."

மேடம் நாற்பத்தொன்றைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார்கள். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்கள்.

அது வாயில் போவதற்கு முன்பே எனக்கு உறைத்துவிட்டது. இந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நோட்டீஸ் என்றைக்குமே இரண்டு பிரதி எழுதப்படும். ஒன்றை உரியவர் கையில் கொடுப்போம். இன்னொன்றின் பின்புறம் 'பெற்றுக்கொண்டேன்' என்று அவரிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்கிக் கோப்பில் சேர்ப்போம். இதற்குச் சார்வு செய்தல் என்று பெயர். சார்வு ஆகாத உத்தரவு எவ்வளவு பெரியவர் போட்டதாக இருந்தாலும் உரியவரைக் கட்டுப்படுத்தாது. ஆக, கொடுத்திருந்தால் கட்டில் ஒரு பிரதிதான் இருக்க வேண்டும், அதன் முதுகில் கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டும் வெறும் முதுகோடு உள்ளேயே கிடந்தால் நோட்டீஸ் ஆபீசை விட்டுப் போகவே இல்லை என்று அர்த்தம்.

அஞ்சலையின் வழக்கே அந்த இரண்டாவது தாள்தான். அதைத்தான் நான் குப்பை என்று கழித்திருந்தேன். முப்பது வருடத்தில் இப்படி எத்தனை கழித்தேனோ என்ற நினைப்பு அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

"இதுலயும் பென்சில்ல ஏதோ இருக்குது, கண்ணாடி போட்டும் தெரியல. படிங்க" என்றார்கள். ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றின் ஓரத்தில் ஆங்கிலத்தில், மங்கலாக இருந்தது. 'சிதம்பரம் முகாமிலிருந்து நான் திரும்பும் வரை இருக்கட்டும்.'

சிதம்பரம் முகாமிலிருந்து அவர் கடலூருக்குத் திரும்பவே இல்லை. அங்கிருந்தே லீவில் கப்பல் ஏறிவிட்டார். லீவு விண்ணப்பத்தின் தேதியைப் பார்த்தால், நோட்டீஸுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே அதை எழுதிவிட்டார். திரும்பப் போவதில்லை என்று தெரிந்தேதான் 'திரும்பும் வரை' என்று எழுதியிருக்கிறார்.

கோப்பைக் கிடப்பில் போடுகிறோம் என்று எங்களை உலகமே திட்டுகிறது. திட்ட வேண்டியதுதான், நானும் எத்தனையோ பேரை நடையாய் நடக்கவிட்டவன். ஆனால் மேலிடத்துக்குக் கீழ்ப்படிந்து மையில் உத்தரவையும் போட்டுவிட்டு, அது யாரையும் தொடாதபடி ஒரு பென்சில் வரியால் கிடப்பில் போட்டுவிட்டுப் போன மனிதரை அன்றுதான் பார்த்தேன். எங்கள் ஜாதிக்காரர்தான் என்று தோன்றியது. ஆபீஸ் ஜாதியைச் சொல்கிறேன்.

காகித ஆலை லாரி மறுநாள் காலையில் வரும். கொட்டகையில் பதின்மூன்று மூட்டை. மத்தியானம் இரண்டு மணிக்கு முதல் மூட்டையின் தையலைப் பிரித்தேன். எந்த மூட்டை என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே சாக்கு, ஒரே தையல். கொஞ்ச நேரத்தில் பின்னால் குடை சாத்தி வைக்கும் சத்தம். மேடம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள்.

"நீங்க எதுக்கு மேடம்? தப்பு பண்ணது நான்."

"கழிவுப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டது நான்தானே. ஒதுங்குங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க."

தூசியில் இரண்டு பேருக்கும் தும்மல். இடையில் ஒரு முறை அவர்கள் தொழுதுவிட்டு வந்தார்கள், நான் டீ குடித்துவிட்டு வந்தேன். ஒன்பதாவது மூட்டையில், ஐந்து மணி வாக்கில், கெட்டியான பழுப்புத் தாள் ஒன்று மேடத்தின் கையில் வந்தது. திருப்பினார்கள். முதுகு வெறுமை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

சத்தமில்லாமல் நூலில் கோத்துவிடலாம் என்று நான் நினைத்தது உண்மை. மேடம் வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்கள். "எடுத்தது, போட்டது, தேடுனது, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நானும் போடறேன். கட்டு முழுசா கோர்ட்டுக்குப் போவட்டும். நம்ம கையால ஒண்ணும் கொறைய வேணாம், ஒண்ணும் கூட வேணாம்."

"மெமோ வரும் மேடம். ரிட்டயர்மெண்ட் பக்கத்துல இருக்கு."

"வரும்" என்றார்கள். அதற்கு மேல் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எழுதினேன். மெமோவும் வந்தது, கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். மேடத்துக்கும் ஒன்று வந்தது. அதை அவர்கள் என்னிடம் சொல்லவே இல்லை, ரொம்ப நாள் கழித்து வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். எங்கள் தரப்பு வக்கீல், அதாவது சர்க்கார் வக்கீல், என்னையே மடக்கினார். "நீங்களே எடுத்தீங்க, நீங்களே திரும்ப வெச்சீங்க. இது இந்தக் கட்டுல இருந்த தாள்தான்னு எப்படி நம்பறது?"

நீதிபதி கட்டை வாங்கி நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று ஆகிய மூன்று தாள்களையும் ஒன்றாகப் பிடித்து ஜன்னல் பக்கம் தூக்கினார். கீழ் மூலையில் ஒரு பூச்சி அரித்த ஓட்டை. முப்பதாம் தாளில் ஆரம்பித்து ஐம்பது வரைக்கும் ஒரே கோடாக உள்ளே போயிருந்தது. நாற்பத்திரண்டிலும் அதே இடத்தில் அதே ஓட்டை, வெளிச்சம் தடைபடாமல் வந்தது. நான் இத்தனை வருடம் அந்துருண்டை போட்டு விரட்டிய பூச்சி எனக்குச் சாட்சி சொன்னது. அந்த வருடத்து அனுப்புகைப் பதிவேட்டையும் கொண்டுபோயிருந்தேன். அதில் இந்த நோட்டீஸ் வெளியே போனதாகப் பதிவே இல்லை. இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கொடுக்கப்படாத ரத்து ரத்தாகாது, துரை முதலில் கொடுத்த உரிமை இன்னும் இருக்கிறது என்று. கோர்ட்டு வாசலில் அறுபது பேரும் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை, கூடைகளை எடுத்துக்கொண்டு முதுநகர் பஸ்ஸுக்கு ஓடினார்கள். வெயில் வீணாகிறதாம்.

கட்டு திரும்பி வந்ததும் பிரித்துச் சரிபார்க்கும்போது கடைசி அட்டையோடு ஒட்டிக்கிடந்து அதுவரை எங்கள் கண்ணில் படாத இரண்டு காகிதங்களைப் பார்த்தேன். ஒன்று, துரை பார்லிமெண்டில் இருந்த காலத்தில் இந்த ஆபீசுக்கு எழுதிய கடிதம். உப்பு பற்றி ஏதோ விவரம் கேட்டுவிட்டுக் கடைசியில், துறைமுகத்துக்குத் தெற்கே பெண்கள் இன்னும் கருவாடு காயவைக்கிறார்களா, காற்று திரும்பும்போது பங்களாவுக்கு வாடை வருகிறதா என்று கேட்டிருந்தார். இன்னொன்று, அதே காலத்தில் அவர் பேசிய பேச்சைப் போட்ட பத்திரிகைத் துண்டு. இந்த நாட்டு ஜனங்களுக்குத் தங்களைத் தாங்களே ஆளத் தெரியாது, இன்னும் நூறு வருடம் ஆகும் என்று பேசியிருக்கிறார். இரண்டையும் மேடத்திடம் காட்டினேன்.

"இதுல எது மேடம் நெசம்?"

"ரெண்டும்தான். கட்டுல ரெண்டும் இருக்கட்டும்" என்றார்கள்.

தீர்ப்பு வந்து ஒரு மாதம் இருக்கும். அஞ்சலை ஆபீசுக்கு வந்தார். இந்தத் தடவை வாசற்படியில் நிற்கவில்லை, உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் காயிதத்த ஒரு தரம் கண்ணால பாக்கணும் சார்."

முதல் உத்தரவை எடுத்தேன். "இது இல்ல. குடுக்காம வெச்சாராமே, அது."

நாற்பத்திரண்டைத் திறந்து காட்டினேன். எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க ஊரு பேரு இதுல எங்க இருக்குது?" விரல் வைத்துக் காட்டினேன். "முன்னாடி என்னா போட்ருக்குது, படி சார்." படித்தேன். குப்பத்து நாட்டாருக்கும், மேற்படி மணலில் கருவாடு உலர்த்தும் பெண்டுகளுக்கும் அறிவிப்பது யாதெனில்.

"பொம்பளைங்களுக்கும்னு போட்ருக்காரா?"

"போட்டிருக்கார்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சர்க்காருல எங்க பேர்ல ஒரு காயிதம் எழுதி நான் கேட்டதேயில்ல சார். எதுனாலும் ஆம்பளைங்க பேர்லதான் வரும். இது எங்களுக்கு எழுதுன லெட்டர்தானே, எங்ககிட்டயே குடுத்துடு சார். கண்ணாடி போட்டு அம்மன் கோயில்ல மாட்டிக்கறோம்." சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினார். மீன் அறுத்த வடுக்கள் நிறைந்த கை.

தீர்ப்பு வந்துவிட்ட பிறகு அதற்கு என்ன சக்தி இருக்கிறது, ஒன்றும் இல்லை. ஆனாலும் ரிக்கார்டு ரூம்காரனின் புத்தி எங்கே போகும்?

"அம்மா, இத நீங்க கையில வாங்கிட்டா வந்து சேந்துடுச்சுன்னு ஆயிடும்."

"ஆனா என்னா?"

"மணல விட்டுப் போகச் சொல்லித்தான் இதுல எழுதியிருக்கு."

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. பிறகு சட்டென்று இழுத்து இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"வேணாம் சார். நீயே வெச்சுக்க. பத்தரமா வெச்சுக்க. எங்க ஊர்லருந்து யாரு வந்து கேட்டாலும் குடுத்துடாத, எம் பொண்ணே வந்து கேட்டாலும் குடுக்காத."

"குடுக்க மாட்டேம்மா" என்றேன்.